கணவாய்க் காற்றும் ஒரு வெல்டிங் பெட்டியும்

ஆடி மாதம் கம்பத்தில் வெட்டவெளியில் நின்று தீக்குச்சி உரசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று குச்சி போகும், பீடி பற்றாது. மேற்கே மலை. மலைக்கு அங்கிட்டு கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் காற்று மட்டும் மலையிடுக்கு வழியாக எங்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் நான்கு கணவாய்களைச் சொல்வார்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். அந்த நாலாவது கணவாயின் வாசலில்தான் என் தாய்மாமாவின் கிரில் பட்டறை இருக்கிறது. மூன்று பக்கம் தகரம், தெருவைப் பார்த்த பக்கம் திறந்தவெளி.

போன ஆடியில் நான் ஒரு சின்ன மிக் வெல்டிங் மிஷின் வாங்கினேன். ஆன்லைனில், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வீட்டு மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு ஸ்டாண்டு செய்ய வேண்டும், அதை நானே செய்துவிடலாம் என்ற நினைப்பு. வீடியோக்களில் பார்த்தால் குழந்தை விளையாட்டு மாதிரி இருந்தது. மாமாவிடம் சொல்லவில்லை. நாற்பது வருடமாக ராடு பிடிக்கிற மனுஷனிடம் போய், உங்க வேலையை ஒரு பெட்டி செய்யும் என்று எப்படிச் சொல்வது?

பெட்டியை வாங்கிய பிறகுதான் அதன் பூர்வீகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். வெல்டிங்கின் வரலாற்றில் பாதிக்கு மேல் காற்றை விரட்டுகிற கதை. இரும்பை உருக்குவது பெரிய காரியமில்லை; மின்சாரம் கிடைத்ததும் அது சுலபமாகிவிட்டது. உருகிய இரும்பின் மேல் காற்று படாமல் சில நொடிகள் காப்பாற்றுவதுதான் நூறு வருடமாக ஆட்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் உருகிய இரும்பைத் துருவாக்கும். நைட்ரஜன் உள்ளே புகுந்தால் ஓட்டை விழும், அல்லது இரும்பு மொறமொறவென்று உடையும். காற்றுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்து இதைப் படிப்பது வேடிக்கையாக இருந்தது.

*

கொல்லர்களுக்கு இது எப்போதோ தெரியும். உலையில் இரண்டு இரும்புத் துண்டுகளை வெள்ளைச் சூடாகக் காய்ச்சி, மேலே மணலோ வெங்காரமோ தூவி, பட்டறைக்கல்லில் வைத்து அடிப்பார்கள். தூவிய பொருள் கண்ணாடி போல உருகி இரும்பை மூடிக்கொள்ளும். மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, அடி விழும்போது வெளியே சிதறும். சுத்தமான இரும்பும் சுத்தமான இரும்பும் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வந்த எல்லா வெல்டிங்குக்கும் இதுதான் மூலசூத்திரம்.

எங்கள் பள்ளத்தாக்கின் வரலாற்றை முல்லைப்பெரியாறு அணையிலிருந்து தொடங்குவது வழக்கம். பிள்ளைக்குப் பென்னிகுவிக் என்று பேர் வைக்கிற ஊர் இது, வேறு எங்கிருந்து தொடங்குவது? 1887இல் வேலை ஆரம்பித்து 1895 அக்டோபரில் தண்ணீரைத் திறந்தார்கள். அது சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு கட்டிய அணை. அந்தக் காலத்தில் இரும்போடு இரும்பை இணைக்க உலை இருந்தது, ரிவெட் இருந்தது, போல்ட் இருந்தது. ஆனால் அணை வேலை தொடங்கிய அதே 1887 மே மாதத்தில், ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்டோஸ், ஸ்தானிஸ்லாவ் ஓல்ஷெவ்ஸ்கி என்ற இருவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. கரிக்குச்சிக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரப் பொறியை நிற்க வைத்து இரும்பை உருக்குவது. மறு வருடமே ஸ்லாவ்யானோவ் கரிக்குப் பதில் இரும்புக் குச்சியையே பிடித்தார். குச்சியே உருகி இணைப்பில் விழுந்தது. தேக்கடியில் கூலிகள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில் உலகின் இன்னொரு மூலையில் மாமாவின் தொழில் பிறந்துவிட்டது.

பிறந்த குழந்தை நோஞ்சான். மேல்பூச்சு இல்லாத வெறும் கம்பியால் வைத்த வெல்டு பார்க்க ஒட்டியிருக்கும், தட்டினால் உடையும். காரணம் காற்று. ஸ்வீடனில் கப்பல் கொதிகலன்களின் ஒழுக்கை அடைத்துக்கொண்டிருந்த ஆஸ்கர் ஷெல்பெரி 1904இல் ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் இன்றைய ஈசாப்; அதன் இந்தியத் தலைமையகம் இப்போது சென்னையில் இருக்கிறது. கம்பியின் மேல் மாவு மாதிரி ஒரு கலவையைப் பூசிக் காயவைத்து எரித்தால், கலவை புகையாகி உருகிய இரும்பைச் சுற்றி நிற்கும், கசடாகி மேலே மூடிக்கொள்ளும் என்று கண்டார். கொல்லன் தூவிய மணல் கம்பியின் மேலேயே ஏறிவிட்டது.

இன்று நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ராடின் பூச்சில் முக்கியமான பொருள் ரூட்டைல். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருந்து பிரித்தெடுக்கிறார்களே, அதே தாதுதான். கடல் மணல் என்றால் நமக்கு அரசியல் ஞாபகம் வரும். கிரில் கேட்டும் வர வேண்டும்.

*

இந்தியாவில் ராடு என்றால் ரொம்ப நாள் அட்வானிதான். 1951இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகோனோடு சேர்ந்து தொடங்கிய அட்வானி ஓர்லிகோன். 1958இல் லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையம் ஓடத் தொடங்கியது. குமுளி போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள், மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவதை. 1965இல் திருச்சியில் பெல் தொழிற்சாலை வந்தது, 1975இல் அதற்குள்ளேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். கொதிகலன் குழாய்க்கு வெல்டு வைப்பது சாமானிய வேலையில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். துவாக்குடியில் அந்த ஆலையை நம்பி நூற்றுக்கணக்கில் பட்டறைகள் முளைத்தன. ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் தெற்கே எல்லா ஊரிலிருந்தும் அங்கே போய்க் கை பழகினார்கள். மாமாவும் அப்படிப் போய் மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்தான்.

திரும்பி வந்தவர் வாங்கியது ஆயில் மிஷின். இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். பீரோவில் பாதி உயரம், உள்ளே டிரான்ஸ்பார்மர், அதைக் குளிரவைக்க எண்ணெய். இடம் மாற்ற நாலு பேர் வேண்டும். அதனால் வேலை மிஷினைத் தேடி வரும்; மிஷின் வேலையைத் தேடிப் போகாது. தோட்டத்தில் பம்புசெட் பைப் உடைந்தால் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். திராட்சைப் பந்தலின் கம்பி இறுக்கும் திருகு, ஏலக்காய் உலர்த்தும் அடுப்பின் தட்டு, டிராக்டர் கலப்பைக் கொழு, எல்லாம் அந்த வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

மிஷின் ஆன் ஆனால் தெரு விளக்கு மங்கும். ஆர்க் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டு டி.வி. படம் சுருங்கி விரியும். 'சித்தி' ஓடிய காலத்தில் அந்த நேரத்துக்கு மாமா ராடைக் கீழே வைத்துவிடுவார். "ராதிகாம்மா அழறப்ப படம் ஆடுச்சுன்னா நம்மளை உரிச்சுருவாய்ங்க" என்பார்.

கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆர்க்கில் இருந்து வரும் புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். உருளைக்கிழங்கை வெட்டி வைப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் போய்த் தாய்ப்பால் வாங்கி வந்து விடுவார்கள். இதெல்லாம் கண்ணுக்கு இன்னும் கெடுதல்தான் செய்யக்கூடும். எங்கள் வீட்டில் அத்தை ராத்திரி விளக்கைப் போடாமல் மாமாவின் கண்ணில் ஈரத்துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி வைத்த கைத்தட்டி பட்டறையில் இருந்தது. இடது கையில் அதைப் பிடித்தால் இரும்பை யார் பிடிப்பது? அதனால் டாக் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பொறி. தமிழ்நாட்டின் கிரில் கேட்டுகளில் பெரும்பாலானவை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வைத்த புள்ளிகளால் நிற்பவை.

*

இந்தக் கதைக்குள் மிக் எங்கே வருகிறது என்றால், 1948இல், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பேட்டெல் ஆராய்ச்சி நிலையத்தில். ஏர் ரிடக்ஷன் என்ற கம்பெனி பணம் கொடுத்தது. அலுமினியத்தை வேகமாக வெல்டு செய்ய வழி தேடினார்கள். ராடு ஒவ்வொன்றாக மாற்றுவதற்குப் பதில், சுருளாகச் சுற்றிய மெல்லிய கம்பியை மோட்டார் வைத்துத் துப்பாக்கி வழியாகத் தள்ளிக்கொண்டே இருப்பது. பூச்சுக்குப் பதில், அதே துப்பாக்கியின் வாயில் ஆர்கான் மாதிரி மந்த வாயுவை ஊதி உருகிய உலோகத்தைப் போர்த்துவது. மெட்டல் இனெர்ட் கேஸ், மிக்.

அதில் இன்னொரு சூட்சுமம் இருந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ராடு மிஷின் ஆம்பியரை நிலையாக வைக்கும். இடைவெளியை வெல்டரின் கைதான் காக்க வேண்டும். மிக் மிஷின் வோல்டேஜை நிலையாக வைக்கும். கை கொஞ்சம் தாழ்ந்து கம்பி இரும்புக்கு நெருங்கினால் கரண்ட் தானாக ஏறும், கம்பி வேகமாக எரிந்து பழைய இடைவெளிக்கே வந்துவிடும். கை உயர்ந்தால் கரண்ட் இறங்கும், கம்பி மெதுவாக எரியும். அதாவது மாமா துவாக்குடியில் மூன்று வருடம் பழகிய மணிக்கட்டின் வேலையை மிஷின் எடுத்துக்கொண்டது. மிஷினில் ஆம்பியர் என்று தனியாக ஒன்றைத் திருகத் தேவையில்லை. கம்பி வேகம் கூடினால் ஆம்பியர் கூடும்.

ஆர்கான் விலை அதிகம். 1953இல் சோவியத் யூனியனில் லியுபாவ்ஸ்கி, நோவோஷிலோவ் இருவரும் கார்பன் டை ஆக்சைடையே ஊதி இரும்பை வெல்டு செய்து காட்டினார்கள். அது மந்த வாயு இல்லை, அதனால் மிக் என்று சொல்வது தப்பு, மேக் என்பதே சரி என்பார்கள் படித்தவர்கள். நம் பட்டறைகளில் அந்த வம்பே கிடையாது, "சிஓடூ" என்று முடித்துவிடுவார்கள். 50களின் கடைசியில் மெல்லிய கம்பி வந்தது. கம்பி நுனி நொடிக்கு நூறு தடவை போல உருகிய குட்டையைத் தொட்டுத் தொட்டு விலகும், சூடு குறையும், மெல்லிய தகடு ஓட்டை விழாது.

கம்பத்துக்கு இது டிங்கர் பட்டறை வழியாகத்தான் வந்தது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கம்பம் மெட்டு ஏறும் ஜீப்புகளின் அடித்தகடு வருடத்துக்கு ஒரு தடவை துருப்பிடித்துப் பிய்ந்துபோகும். ராடு வைத்தால் தகடு பொத்துக்கொள்ளும். அதனால் டிங்கர்கள் கேஸ் வெல்டிங் வைத்தார்கள். ஒரு டிரம்மில் கார்பைடு கல்லையும் தண்ணீரையும் சேர்த்து அசிட்டிலீன் உண்டாக்குவது. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைப்பதும் இதே கல்தான். தெருவே பூண்டு நாற்றம் நாறும், டிரம் வெடிக்கும் பயம் வேறு. சிஓடூ மிஷின் வந்ததும் அந்த டிரம்கள் மறைந்தன. யாரும் அதற்காக வருத்தப்படவில்லை.

மாமா மட்டும் சிஓடூ பக்கம் போகவில்லை. ஒரு தடவை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார், அதுவும் ஆடியில். திறந்த வாசல், கணவாய்க் காற்று. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே வாயுப் போர்வை கலைந்துவிடும் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. எட்டு கிலோமீட்டர் எல்லாம் எங்கள் ஊரில் காற்றே இல்லை, விசிறி. வைத்த வெல்டு ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. தார்ப்பாய் கட்டினார். தார்ப்பாய் பறந்தது. மிஷினை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

பெட்டி சின்னதானதற்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. டிரான்ஸ்பார்மரின் இரும்பு எவ்வளவு வேண்டும் என்பதை மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை திசை மாறுகிறது என்பது தீர்மானிக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 100 தடவை மாறும், அதனால் மாமாவின் மிஷின் பீரோ உயரம். அதையே முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்பினால் டிரான்ஸ்பார்மர் கைப்பிடிக்குள் அடங்கும். இதுதான் இன்வெர்ட்டர். பின்லாந்தின் கெம்ப்பி 1977இலேயே ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அவ்வளவு கரண்ட்டை அவ்வளவு வேகமாக, மலிவாக வெட்ட ஒரு நல்ல சுவிட்ச் வேண்டும். ஐ.ஜி.பி.டி. என்கிற அந்தச் சுவிட்சை 80களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கியவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்தவர், 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் படிப்பை முடித்தவர். 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மிக் கண்டுபிடித்த அதே 1948இல் பிறந்தவர் என்பது தற்செயல். தமிழ்நாட்டில் ஒரு மூலைப் பட்டறைக்காரர் இன்று தோளில் மாட்டிக்கொண்டு போகும் மிஷினுக்குள் அவருடைய சுவிட்ச்தான் இருக்கிறது.

மாமாவும் இன்வெர்ட்டர் ராடு மிஷினுக்கு மாறினார், 2012இல். சென்னையைத் தாண்டினால் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வருடம் அது. வாடகை ஜெனரேட்டரில் ஆயில் மிஷின் ஓட்டினால் டீசல் காசு கட்டாது. இன்வெர்ட்டர் கொஞ்சமாக இழுக்கும். ஆயில் மிஷினை எடைக்குப் போட்டார். உள்ளே இருந்த செம்புக்கு மட்டும் வந்த காசில் புது மிஷின் பாதி வாங்கிவிட்டதாக இன்றும் பெருமை.

காற்றுப் பிரச்சினைக்கு விடை அதற்கும் முன்பே இருந்தது. 50களின் இறுதியில் அமெரிக்காவின் லிங்கன் கம்பெனி, குழாய் போன்ற கம்பிக்குள் பூச்சுப் பொடியை அடைத்து விற்றது. ராடில் பூச்சு வெளியே, இதில் உள்ளே. ராடைத் திருப்பிப் போட்ட மாதிரி. எரியும்போது பொடியே புகையும் கசடும் தரும். பொடியில் இருக்கும் அலுமினியம் போன்றவை புகுந்துவிட்ட நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிடித்துக் கட்டிப்போடும். சிலிண்டர் வேண்டாம், காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்று ஆன்லைனில் "கேஸ்லெஸ் மிக்" என்று விற்பது இதைத்தான். கணவாயில் இருப்பவனுக்குக் கடவுள் அனுப்பியது மாதிரி இருந்தது. அதனால்தான் வாங்கினேன்.

*

வாங்கும்போது நான் பார்த்தவற்றையும், பார்க்கத் தவறியதையும் சொல்கிறேன்.

முதலில் சுவரைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மிஷினை. விளம்பரத்தில் 200, 250 என்று எழுதியிருப்பதை நம்பிப் புண்ணியமில்லை. மிக்கில் 100 ஆம்பியருக்கு வெளியே கிட்டத்தட்ட 19 வோல்ட், அதாவது 1.9 கிலோவாட். மிஷினின் நஷ்டம், பவர் ஃபேக்டர் எல்லாம் சேர்ந்தால் சுவரிலிருந்து 14 ஆம்பியர் போகும். வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் வைத்திருக்கும் பெரிய பிளக் தாங்குவது அவ்வளவுதான். ஆக, 250 என்று எழுதிய பெட்டியும் என் வீட்டில் நூறு நூற்றுப்பத்து மிஷின்தான். நீட்டுக் கம்பி போட்டால் 4 சதுர மில்லிமீட்டர் போட வேண்டும், சுருட்டி வைக்காமல். எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்தது டியூட்டி சைக்கிள். 30 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் வெல்டு, ஏழு நிமிடம் ஓய்வு. வீட்டு வேலைக்கு அதுவே அதிகம். அளந்து, அறுத்து, பொருத்தி நிற்கவே அந்த ஏழு நிமிடம் போய்விடும். கம்பிச் சுருள் ஒரு கிலோ மட்டும் ஏறுமா, ஐந்து கிலோவும் ஏறுமா என்று பார்க்கலாம். குழாய்க் கம்பி, ராடைவிட கிலோவுக்குப் பல மடங்கு விலை. அதைத் தள்ளும் சக்கரம் பல் வெட்டியதாக இருக்க வேண்டும். வழவழப்பான சக்கரம் வழுக்கும் என்று இறுக்கினால் கம்பி நசுங்கிப் பொடி கொட்டிவிடும். அதே பெட்டியில் ராடும் பிடிக்கலாம் என்றால் பத்துப் பைசா கூடப் போனாலும் அதையே வாங்கலாம். தானாகக் கறுக்கும் முகமூடியை மட்டும் பேரம் பேசாமல் வாங்குங்கள். நூறு ஆம்பியருக்குப் பத்து அல்லது பதினொன்றாம் நிழல். அத்தை ராத்திரி விழித்த கணக்கை யோசித்தால் அது இலவசம்.

இத்தனையும் பார்த்து வாங்கினேன். மொட்டை மாடியில் 50க்கு 50, 6 மில்லிமீட்டர் ஆங்கிளில் இரண்டு துண்டு எடுத்து ஒரு எல் வைத்தேன். பொறி பறந்தது, புகை எழுந்தது, காற்றும் அடித்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. கசடைத் தட்டினால் கீழே பளபளவென்று வரப்பு. கொஞ்சம் புடைத்திருந்தது, சுற்றிலும் நிறைய மணிமணியாகச் சிதறியிருந்தது, அவ்வளவுதான். போட்டோ எடுத்துப் போட்டேன், லைக்கும் வந்தது. சாயங்காலம் தைரியம் வந்து மாமாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் முதலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் வரப்பைத் தடவினார். அப்புறம் ஆங்கிளை வைஸில் மாட்டி, கசடு தட்டும் சுத்தியல்கூட இல்லை, சாதாரண அரைக்கிலோ சுத்தியலால் ஒரு தட்டு. துண்டு தெறித்து வாசலுக்குப் போனது. உடைந்த இடத்தைக் காட்டினார். ஒரு பக்கம் ஆங்கிளின் பழைய ஓரம் அறுத்தது அறுத்தபடி, உருகாமல், பிளேடு மாதிரி நின்றிருந்தது. என் வரப்பு அதன் மேல் சும்மா படுத்திருந்தது.

"இது உள்ள போகல மாப்ள. மேல உக்காந்திருக்கு. ராடுன்னா ஒட்டிக்கிட்டு அப்பவே காட்டிக் குடுத்துரும், நமக்கும் தெரிஞ்சுரும். இது சிரிச்சுக்கிட்டே ஏமாத்துது. இதுக்கு மேல ஒரு டன் தண்ணிய ஏத்தப் போனியா?"

ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். எனக்குத் தெரிந்த கணக்குதான், அவர் சொன்னபோதுதான் கேட்டது. தொட்டிக்கு நேர் கீழேதான் அக்கா பிள்ளைகள் தாயம் விளையாடுவார்கள்.

மிஷினின் பக்கக் கதவைத் திறந்து பார்த்தபோது ஒரு தப்பு பிடிபட்டது. வாயு ஊதும் கட்டிக் கம்பிக்குத் துப்பாக்கி பாசிட்டிவில் இருக்க வேண்டும். பொடி அடைத்த கேஸ்லெஸ் கம்பிக்கு நெகட்டிவில். பெட்டி வரும்போது பாசிட்டிவில் மாட்டியே வந்திருந்தது, நான் மாற்றவில்லை. கதவுக்கு உள்பக்கம் படம் போட்டு ஒட்டியும் இருந்தது. படிக்கவில்லை என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு நட்டைக் கழற்றி மாற்றினோம். சிதறல் பாதி குறைந்தது, சத்தம் ஒரே சீராக, அப்பளம் பொரிவது மாதிரி. 2 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப்பில் வைத்ததை மாமா பெரிய சுத்தியலால் அடித்தார். பைப் நசுங்கியது, வெல்டு நின்றது. ஆறு மில்லிமீட்டர் ஆங்கிளில் திரும்ப வைத்தேன். இந்தத் தடவை மூன்று அடி தாங்கியது. நாலாவதில் பிரிந்தது.

நூறு ஆம்பியருக்கு அவ்வளவுதான். இந்தப் பெட்டிகளின் எல்லை, விளிம்பைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டாலும், நாலு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஜன்னல் கிரில், செருப்பு ஸ்டாண்டு, கோழிக்கூண்டு, ஜீப் தகடு, பூந்தொட்டிப் படி, தாராளமாக. ஊஞ்சல் கொக்கி, தொட்டி ஸ்டாண்டு, டிராக்டர் டிரெய்லர் கொண்டி, மாடிப்படியின் தாங்கு கம்பி, வேண்டாம். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல், அலையில்லாத துறைமுகத்தில் சும்மா நின்றபடி இரண்டாகப் பிளந்தது. முழுக்க வெல்டு செய்த கப்பல். ரிவெட் கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டு கப்பலில் எல்லாம் ஒரே தகடு, விரிசலுக்கு நிற்க இடமில்லை. அதற்கு அந்தக் கால எஃகின் குறையும் குளிரும் காரணம், வெல்டர் மட்டுமில்லை. ஆனாலும் அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு தொட்டி ஸ்டாண்டை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். பத்தாம் நம்பர் ராடில், மூன்று நாளில் முடித்தார். கூலி வாங்கமாட்டேன் என்றவர், ராடுக்கும் ஆங்கிளுக்கும் சரியாகக் கணக்கு எழுதி வாங்கிக்கொண்டார்.

புகையைப் பற்றி இன்னொரு வார்த்தை. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் முதல் வகுப்பில் வைத்தது. கேஸ்லெஸ் கம்பி, வாயு வைத்த மிக்கைவிட நிறையப் புகைவிடும். ஜி.ஐ. பைப்பில் வைத்தால் துத்தநாகப் புகையில் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் போகும் என்பார்கள். போகாது, துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வைக்க வேண்டும். வீட்டு ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இந்தப் பெட்டியை ஓட்டாதீர்கள். காற்றுக்கு முதுகைப் பக்கவாட்டில் காட்டி நின்றால் புகை முகத்துக்கு வராமல் போய்விடும். சிஓடூ மிஷினை ஊரைவிட்டே விரட்டிய கணவாய்க் காற்று, இந்த ஒரு விஷயத்தில் நம் கட்சி.

ஸ்டாண்டு முடிந்த அன்றைக்கு மாமா மாடிக்கு வந்தார். தொட்டியை ஏற்றிவிட்டு, என் மிஷின் ஓரமாக இருப்பதைப் பார்த்தார். முகமூடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, "இது தானாவே கறுக்குமா?" என்று கேட்டார். சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு மீட்டர் பட்டை கிடந்தது, அதன் நீளத்துக்கு ஒரு வரப்பு இழுத்துப் பார்க்க உட்கார்ந்தார். கை அப்படியொரு நிதானம். ஆனால் ஒரு சாண் போனதும் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்து, இன்னொரு சாணில் மறுபடி. மிஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் குனிந்தேன். ஒன்றுமில்லை. ஒரு ராடு ஒரு சாண்தான் வரும். கம்பி இன்னும் வந்துகொண்டிருக்க, ராடு தீர்கிற இடத்தில் அவர் கை தானாக நின்றுகொண்டிருந்தது.